பிரசவ வலியைக் கருவி வைத்து அளக்க முடியுமா? எபிடியூரல் கொடுத்த பின் எதை, எப்படிப் பார்ப்பது

பிரசவ வலியைத் தணிக்க முதுகில் மெல்லிய குழாய் வழியே செலுத்தும் எபிடியூரல் மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஆகிறது. "வலி உச்சத்துக்கு வரும்போது பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு தாய் "இரண்டு" என்கிறார். அதே மருந்தை அதே அளவில் பெற்ற இன்னொருவர் "ஏழு" என்கிறார். இரண்டாமவருக்கு என்ன நடக்கிறது? குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம். பிரசவம் நினைத்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கலாம். பயம் கூடியிருக்கலாம். "ஏழு" என்ற எண்ணை மட்டும் வைத்து இதில் எது என்று சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்கும் காய்ச்சலுக்கும் கருவி இருப்பதுபோல் வலிக்கும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

அப்படிச் சில கருவிகள் வந்தும்விட்டன. அவை என்ன காட்டுகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன, எபிடியூரல் போட்ட தாயிடம் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

வலி வேறு, வலிச் சமிக்ஞை வேறு

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியது. உடல் திசு சேதமடைவதோடு தொடர்புடைய, அல்லது அதைப் போன்ற, விரும்பத்தகாத உணர்வும் மன அனுபவமும்தான் வலி என்கிறது அந்த வரையறை. நரம்பு வழியே சமிக்ஞை போவதும் வலியும் ஒன்றல்ல என்பதையும் அதன் குறிப்பு தனியாகச் சொல்கிறது. நரம்பில் ஓடும் மின் சமிக்ஞையைப் பதிவு செய்யலாம். அதற்கு இதயமும் தோலும் கண்பாவையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதையும் அளக்கலாம். ஆனால் மூளையில் அது "வலிக்கிறது" என்று உணரப்படும் இடத்தை எட்டும் கருவி பிரசவ அறையில் இல்லை.

புகையை அளந்து நெருப்பின் அளவைச் சொல்வதுபோன்ற வேலை இது. விறகு ஈரமாக இருந்தால் சின்ன நெருப்பும் பெரும்புகை விடும். நன்கு காய்ந்திருந்தால் பெரிய நெருப்பிலும் புகை குறைவு. பிரசவத்தில் அந்த ஈரம் என்னென்ன என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கருவிகளைப் படிப்பதில் பாதி வேலை.

சமிக்ஞை எந்த வழியாகப் போகிறது

முதல் கட்டத்தில், கர்ப்பப்பை சுருங்கி அதன் வாய் விரியும்போது, சமிக்ஞைகள் மார்புப் பகுதித் தண்டுவட நரம்புகளில் 10 முதல் 12 வரையிலும் இடுப்புப் பகுதியின் முதல் நரம்பிலும் வந்து சேர்கின்றன. இவற்றை டி10 முதல் எல்1 வரை என்று குறிப்பார்கள். இது உள்ளுறுப்பு வலி. சரியாக இங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அடிவயிறு, இடுப்பு, முதுகு என்று பரவி, வந்து வந்து போகும். குழந்தையின் தலை இறங்கி பிறப்புப் பாதையையும் பெரினியத்தையும் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) விரிக்கத் தொடங்கியதும் இன்னொரு வழி திறக்கிறது: புடெண்டல் நரம்பு, அதாவது முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புப் பகுதியின் எஸ்2 முதல் எஸ்4 வரை. இந்த வலி கூர்மையானது. இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

எபிடியூரல் இந்த இரண்டு வழிகளையும் தண்டுவடத்துக்குள் நுழையும் முன்பே அடைக்கப் பார்க்கிறது. இடுப்பு முள்ளெலும்புகளில் எல்3க்கும் எல்4க்கும் இடையே, அல்லது அதற்கு ஓர் இடைவெளி மேலே, ஊசி செலுத்தப்படுகிறது. அதன் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை 4 முதல் 5 செ.மீ. வரை எபிடியூரல் வெளிக்குள் (தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளி) விட்டு, ஊசியை எடுத்துவிடுவார்கள். மருந்து பெரும்பாலும் 0.0625 முதல் 0.125 சதவீத புபிவகெய்ன் என்ற மரக்க வைக்கும் மருந்தும், மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வலி நிவாரணியும் சேர்ந்த கலவை. 20 நிமிடத்துக்குள் டி10 வரை, அதாவது தொப்புள் மட்டம் வரை, உணர்வு மங்க வேண்டும்.

இதிலிருந்தே முதல் பாடம் கிடைக்கிறது. காலை நன்றாக இருந்த தாய் மாலையில் "ஏழு" என்றால், அது மருந்தின் தோல்வியாக இருக்க வேண்டியதில்லை. வயிற்றை நன்றாக மரக்க வைத்திருக்கும் மருந்து எஸ்2 முதல் எஸ்4 வரை இறங்காமல் இருக்கலாம். தலை இறங்கியதும் புது வழியாகப் புது வலி வருகிறது, அவ்வளவுதான்.

1949இல் செய்த ஒரு முயற்சி

ஹார்டி, ஜாவெர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1949இல் பிரசவ வலியை வெளி அளவுகோலோடு ஒப்பிட்டு அளந்தார்கள். கருவியின் பெயர் டோலோரிமீட்டர். ஒளியைக் குவித்துத் தோலைச் சூடாக்கும் விளக்கு அது. சுருக்கங்களுக்கு இடையே கையின் தோலில் வெப்பம் பாய்ச்சி, "சற்று முன் வந்த வலிக்கு இது சமமா?" என்று கேட்டார்கள். அலகுக்கு "டோல்" என்று பெயர்; உச்சம் 10.5 டோல். அந்த உச்சத்தை எட்டத் தேவைப்படும் வெப்பம் தோலைப் புண்ணாக்கிவிடும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வலி கொடுத்து அளப்பதை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அத்தனை கருவி இருந்தும் கடைசியில் "சமம்" என்று சொன்னது அந்தப் பெண்தான்.

எண்ணைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு

கருவிகளுக்குப் போகும் முன் இதைச் சரியாகச் செய்ய வேண்டும். ஏனென்றால் எல்லாக் கருவிகளும் கடைசியில் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று 0 முதல் 10 வரை வாயால் சொல்வது. மற்றொன்று 100 மி.மீ. நீளக் கோட்டில் குறி போடுவது. இடது முனை "வலியே இல்லை", வலது முனை "இதற்குமேல் இருக்க முடியாத வலி".

தவறு நடப்பது பெரும்பாலும் நேரத்தில்தான். நன்கு முன்னேறிய பிரசவத்தில் 10 நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து சுருக்கங்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் வரை நீடிக்கும். இடைவெளியில் கேட்டால் "ஒன்று". உச்சத்தில் கேட்டால் "ஒன்பது". ஒரு செவிலியர் இடைவெளியிலும் அடுத்தவர் உச்சத்திலும் கேட்டு எழுதினால் பதிவேட்டில் வலி ஏறி இறங்குவதுபோல் தெரியும். உண்மையில் எதுவுமே மாறியிருக்காது. ஆகவே சுருக்கம் முடிந்த உடனே, "இப்போது வந்து போனதன் உச்சத்தில் எவ்வளவு?" என்று கேளுங்கள். அடுத்து, "இடைவெளியில் எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டாவது எண் உயிர் காக்கும் எண். இடைவெளியிலும் விடாத வலி, முன்பு சிசேரியன் ஆன தாயிடம், கர்ப்பப்பைத் தழும்பு பிரிவதன் அறிகுறியாகவோ, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதன் அறிகுறியாகவோ இருக்கலாம். மருந்தைக் கூட்டுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரை அழைக்க வேண்டிய வலி அது.

எங்கே, எந்தப் பக்கம், வலியா அழுத்தமா என்பதையும் கேட்க வேண்டும். "மலம் வருவதுபோல் முட்டுகிறது" என்று சொல்லும் தாய் பெரும்பாலும் தலை இறங்குவதைச் சொல்கிறார். அதை 8 என்று எழுதி மருந்து ஏற்றுவதற்கு முன் உள்பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

சுருக்கத்தின் பலத்தை அளந்தால் போதாதா?

வயிற்றில் பட்டை கட்டி வரைபடம் எடுக்கும் கருவி எல்லாப் பிரசவ அறையிலும் இருக்கிறது. அதில் மலை உயர்ந்தால் வலி அதிகம் என்று உறவினர்கள் பயப்படுவார்கள். அப்படி இல்லை. வெளியே கட்டும் பட்டை சுருக்கம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத்தான் சொல்லும். உயரம் பட்டையின் இறுக்கத்தையும் வயிற்றுச் சதையையும் பொறுத்தது. உண்மையான அழுத்தம் தெரிய கர்ப்பப்பைக்குள் குழாய் வைக்க வேண்டும். அதிலும், எபிடியூரல் வேலை செய்யும்போது அதே அழுத்தத்தில் சுருக்கங்கள் தொடரும், வலி மட்டும் போயிருக்கும். அழுத்தமும் வலியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் இந்த வரைபடத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு. வலிக் கருவியின் எண்ணை எந்த நொடியில் படிக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

உடலின் எதிர்வினையை அளக்கும் கருவிகள்

முதலில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகிறது, வெளிவிடும்போது நிதானமாகிறது. உடல் அமைதியாக இருக்கும்போது இந்த அலை பெரிதாக இருக்கும். வலியோ பதற்றமோ வந்தால் சிறுத்துவிடும். ஈசிஜியிலிருந்து இந்த அலையைப் பிரித்தெடுத்து 0 முதல் 100 வரை எண்ணாக்குவது ஏஎன்ஐ (Analgesia Nociception Index) என்ற குறியீடு. 100க்கு அருகே என்றால் நிம்மதி, 50க்குக் கீழே என்றால் வலியின் சந்தேகம். 2012இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு பிரசவத்தில் இருந்த பெண்களிடம் இதைப் பார்த்தது. தாய் சொன்ன வலி கூடக் கூட இந்த எண் குறைந்தது. குழுவாகப் பார்த்தால் தொடர்பு தெளிவு. தனியொருவரின் வலியை இதை மட்டும் வைத்துச் சொல்ல அந்தத் தொடர்பு போதாது.

ஏன் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் பிரசவத்திலேயே இருக்கின்றன. இந்தக் கணக்கு 0.15 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அலைகளைத்தான் பார்க்கிறது. அதாவது மூச்சு நிமிடத்துக்கு 9 முறைக்குக் குறையக்கூடாது. வலியைத் தாங்கச் சொல்லிக்கொடுக்கும் நீண்ட, நிதானமான மூச்சுப் பயிற்சி நிமிடத்துக்கு ஆறு, ஏழு என்றுகூடப் போகும். அப்போது அலை கருவியின் பார்வைக்கே வராமல், அமைதியாக இருக்கும் தாயிடமும் எண் தாழ்ந்துவிடலாம். மூச்சைப் பிடித்து முக்கும்போது கணக்கு மொத்தமாகக் கலைந்துவிடும். இரண்டாவது, கருவி ஒரு எண்ணைத் தர சுமார் 64 நொடிப் பதிவை எடுத்துக்கொள்கிறது. சுருக்கமே ஒரு நிமிடம்தான். உச்சம் முடிந்த பிறகுதான் எண் விழும். சராசரி எண்ணைப் படித்தால் உச்சமும் இடைவெளியும் கலந்தே கிடைக்கும்.

அடுத்தது உள்ளங்கை வியர்வை. ஒட்டிய மின்முனைகள் வழியே தோலின் மின்கடத்தல் ஒரு நொடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறார்கள். சில நொடிகளில் பதில் கிடைக்கும் என்பதால் சுருக்கத்தோடு ஒட்டிப் படிக்க இது வசதி. இதற்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்புமுனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறது. எனவே ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் எஃபிட்ரின் போன்ற மருந்துகளோ, உயர் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேபெட்டலாலோ இதை நேரடியாகக் குழப்புவதில்லை. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் குழப்பும். பயமும் அறையின் புழுக்கமும் குழப்பும். கருவியைப் பாதத்தில் ஒட்டவே கூடாது. எபிடியூரல் கால்களுக்குப் போகும் சிம்பதெட்டிக் நரம்புகளையும் (வியர்வையையும் ரத்தக்குழாய்களையும் இயக்குபவை) அடைப்பதால் பாதம் வியர்க்காது. வலி எவ்வளவு இருந்தாலும் அங்கே கருவி "எல்லாம் நலம்" என்றே சொல்லும்.

கண்பாவை அளவி மூன்றாவது. வலி தூண்டினால் பாவை விரியும். ஒரு கண்ணில் ரப்பர்க் கிண்ணம் பொருத்தி அகச்சிவப்புக் கேமராவால் விட்டத்தை அளப்பார்கள். சுருக்கத்துக்கு முன்னும் உச்சத்திலும் எடுத்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்; எபிடியூரல் பிடித்த பின் அந்த வித்தியாசம் குறைவதைப் பிரசவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பே ஊசியாக ஓபியாய்டு மருந்து போட்டிருந்தால் பாவை சுருங்கியே இருக்கும், அளந்து பார்த்துப் பயனில்லை. உச்ச வலியில் துடிக்கும் ஒருவரிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது எளிதும் இல்லை.

விரலில் மாட்டும் உணரியால் நாடி அலையின் உயரத்தைப் பார்க்கும் கருவிகளும், நாடி, வியர்வை, தோல் வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் கருவிகளும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் முழு மயக்கத்தில் அசையாமல் கிடக்கும் நோயாளிக்காக உருவானவை. கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கும் கை கொடுக்கும் அலை அவற்றுக்குப் புரியாது. ரத்தத்தில் கார்ட்டிசால், அட்ரினலின் அளப்பது ஆய்வுக்கு உதவும். முடிவு வருவதற்குள் குழந்தையே பிறந்திருக்கும் என்பதால் சிகிச்சைக்கு உதவாது.

இந்தக் கருவிகள் அனைத்தையும் பொதுவாகக் குழப்பும் காரணிகள் பிரசவத்தில் நிறைய: ரத்தப்போக்கு, காய்ச்சல், எபிடியூரலுக்குப் பின் வரும் நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, சுருக்கத்தைத் தூண்டும் ஆக்சிடோசினை வேகமாக ஏற்றுவது. வலி குறைந்த அதே நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து துடிப்பு கூடினால், துடிப்பை நம்பும் கருவி "வலி ஏறுகிறது" என்று அறிவிக்கும்.

சோதனை அளவு மருந்திலும் இதே சிக்கல்தான். குழாய் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதா என்று பார்க்க 15 மைக்ரோகிராம் அட்ரினலின் கலந்த 3 மில்லி லிடோகெய்ன் என்ற மரக்க வைக்கும் மருந்து கொடுப்பதுண்டு. உள்ளே போயிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு எகிறும். ஆனால் சுருக்கமும் துடிப்பை எகிற வைக்கும். அதனால் ஒரு சுருக்கம் அடங்கிய உடனே இந்த மருந்தைச் செலுத்த வேண்டும். அடுத்தது வருவதற்குள் பதில் தெரிந்துவிடும்.

வலியை விட்டு, அடைப்பை அளப்பது

புறநிலையாக நம்பி அளக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: மருந்து நரம்புகளை எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பனிக்கட்டித் துண்டு போதும். முதலில் தோளில் வைத்து "இது சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டு ஒப்பீட்டு அளவைப் பதியுங்கள். பிறகு தொடையிலிருந்து மேலே, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. தோளில் இருந்ததுபோலவே சில்லிடும் இடம்தான் அடைப்பின் மேல் எல்லை. தொப்புள் டி10, முலைக்காம்பு டி4. அடைப்பு டி4ஐ எட்டினால் மருந்தை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரம் எஸ்1. அங்கே குளிர் நன்றாகத் தெரிந்தால் கீழ்ப்பகுதி விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். அடைப்பு பிடித்த பக்கம் ரத்தக்குழாய்கள் விரிந்து பாதம் வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருக்கும். ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் ஒருபக்க அடைப்பு. கால்களை நேராகத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். இன்றைய நீர்த்த மருந்துகளில் தூக்க முடிய வேண்டும். முடியவே இல்லை என்றால், குழாய் தண்டுவட நீர்ப்பைக்குள் போயிருக்கிறதா என்ற கேள்வி முதலில் எழ வேண்டும்.

அடுத்து முதுகில் குழாயின் செ.மீ. குறி. எபிடியூரல் வெளி தோலிலிருந்து 5 செ.மீ. ஆழத்தில் கிடைத்து, உள்ளே 5 செ.மீ. விட்டிருந்தால் தோலருகே 10 என்ற குறி இருக்க வேண்டும். 6 என்று காட்டினால் குழாய் கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது. குனிந்து உட்கார்ந்த நிலையிலேயே ஒட்டிவிட்டால், தாய் நிமிர்ந்து படுக்கும்போது தோலுக்கும் எபிடியூரல் வெளிக்கும் இடையே தூரம் கூடிக் குழாய் இழுபடும். நிமிரவைத்த பிறகு ஒட்டுவது இதனால்தான்.

தாயே பொத்தான் அழுத்தி மருந்து எடுக்கும் பம்ப் இருந்தால் அதன் நினைவகத்தையும் திறந்து பாருங்கள். எத்தனை முறை அழுத்தினார், அதில் எத்தனை முறை மருந்து கிடைத்தது என்று இருக்கும். மூன்று முறைக்கு மூன்றும் கிடைத்தால் பம்ப் போதுமான அளவில் இருக்கிறது. பதினைந்து முறை அழுத்தி மூன்றுதான் கிடைத்திருக்கிறது என்றால், அவர் வாய் திறந்து முறையிடாவிட்டாலும் வலியில் இருந்திருக்கிறார்.

ஆய்வாளர்கள் மருந்தையே அளவுகோலாக்கியதும் உண்டு. 1995இல் கொலம்ப், லயன்ஸ் இருவரும் ஒவ்வொரு தாய்க்கும் 20 மில்லி புபிவகெய்ன் கொடுத்தார்கள். ஒருவருக்கு வலி 100 மி.மீ. கோட்டில் 10க்குள் இறங்கினால் அடுத்தவருக்குச் செறிவைக் கொஞ்சம் குறைத்தார்கள், இறங்காவிட்டால் கூட்டினார்கள். பாதிப் பேருக்குப் போதுமான செறிவு 0.065 சதவீதம் என்று வந்தது. 1998இல் வந்த இன்னொரு ஆய்வில், பிரசவத்தின் பிந்தைய பகுதியில் இந்தத் தேவை தொடக்கத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. காலையில் போதுமாயிருந்த மருந்து மாலையில் போதவில்லை என்று தாய் சொல்வதற்கு எண்ணாலான சான்று இது.

கருவியும் தாயும் ஒத்துப்போகாதபோது

தாய் "எட்டு" என்கிறார், கருவி நிம்மதி என்கிறது. எட்டைத்தான் நம்ப வேண்டும். சிகிச்சையைத் தொடங்கிவிட்டுக் கருவியின் காரணத்தைத் தேடலாம்: உணரி காலில் இருக்கிறதா, துடிப்பைப் பார்க்கும் கருவி என்றால் லேபெட்டலால் கொடுத்திருக்கிறார்களா, எண்ணை இடைவெளியில் படித்தோமா. பனிக்கட்டியால் அடைப்பைப் பாருங்கள், சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள், குழாயின் குறியைப் பாருங்கள். ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால் குழாயை 1 செ.மீ. வெளியே இழுத்து, மயக்கவியல் மருத்துவர் மேலும் ஒரு தவணை மருந்து கொடுப்பார். அரை மணி நேரத்தில் சரியாகாவிட்டால் புதிதாகப் போடுவதே நல்லது. வராத பலனுக்காகத் தாயை மணிக்கணக்கில் காக்க வைப்பதில் நியாயமில்லை. திரும்பத் திரும்பக் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது, அதுவும் முந்தைய சிசேரியன் தழும்பு இருப்பவருக்கு என்றால், ஒவ்வொரு முறையும் தழும்பை நினைத்தே ஆக வேண்டும்.

தாய் "பூஜ்யம், ஒன்றுமில்லை" என்கிறார், கருவி வலி என்று கத்துகிறது. மருந்தைக் கூட்டாதீர்கள். ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தப்போக்கு, குழந்தையின் துடிப்பு இந்த நான்கையும் உடனே பாருங்கள். நடுக்கமும் பயமும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கருவி வலியைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் உடலில் ஏதோ ஒரு நெருக்கடியைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.